குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும்: வலி தீர்க்கும் பிசின் எண்ணெய்களின் வரலாறு

சென்ற ரமளான் மாதத்தில் ஓர் இரவு, தராவீஹ் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நாம் அமர்ந்திருந்தபொழுது, நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து விரல் நீளக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து நம்மிடம் நீட்டினார். வளைகுடாவில் பணிபுரியும் அவருடைய மருமகன் கொடுத்தனுப்பிய குந்திரிக்க எண்ணெய் அது. முழங்கால் வலிக்காக நாள்தோறும் அதில் ஐந்தாறு துளிகளைப் பாலில் விட்டுக் குடித்து வந்ததாகவும், வலி அப்படியே இருக்க, வயிற்றெரிச்சல் புதிதாகச் சேர்ந்து கொண்டதாகவும் சொன்னார். குப்பியுடன் வந்த அச்சிட்ட தாளில், இப்னு ஸீனா கண்டுபிடித்த வலிநிவாரணி இது என்று எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே நபிமொழி என்று ஒரு வாசகமும் இருந்தது. எந்த நூலில் உள்ளது, அறிவித்தவர் யார் என்னும் குறிப்பு எதுவும் இல்லை. நம் இமாம் அவர்கள் ஆறு ஹதீஸ் நூல்களிலும் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு வாசகம் காணப்படவில்லை என்று கூறினார்கள்.

வயிற்றெரிச்சல் சில நாட்களில் தீர்ந்துவிடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகக் கூறுவது அத்தனை எளிதாகத் தீரக்கூடியதன்று. இப்னு ஸீனாவின் பெயரால் சொல்லப்பட்டதாவது உண்மைதானா என்று அறியும் ஆவலில் நாம் சில மாதங்களாகத் தேடிப் படித்தவற்றை ஜமாஅத்தார் முன் வைக்கின்றோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வது நல்லது. ஜும்ஆ நாட்களில் நம் பள்ளிவாசலில் புகைக்கப்படும் சாம்பிராணி, சுமத்ரா, ஜாவா, சயாம் பகுதிகளிலிருந்து வருகின்ற ஒரு மரத்தின் பிசின். அரபு வணிகர்கள் அதனை லுபான் ஜாவி, அதாவது ஜாவா நாட்டு லுபான் என்று அழைத்தனர். வெறும் லுபான் என்றும் குந்துர் என்றும் அவர்கள் கூறியது வேறொன்று. தென் அரேபியாவிலும் சோமாலிய நாட்டிலும் வளரும் மரத்தின் பால்நிறப் பிசின் அது. அதுவே நம் நாட்டு மருந்துக் கடைகளில் குந்திரிக்கம் எனப்படுவது. குந்துர், குந்திரிக்கம் என்னும் இரு சொற்களின் ஒற்றுமையே இந்தச் சரக்கு எத்தனை காலமாகக் கடல் கடந்து வருகின்றது என்பதைக் காட்டும். இந்தியக் காடுகளில் வளரும் அதன் இனத்து மரத்தின் பிசினுக்கும் அதே பெயர் வழங்குகிறது. முர் என்று அரபியில் கூறப்படும் செந்நிறக் கசப்புப் பிசின், நம் மொழியில் வெள்ளைப்போளம். கரியபோளம் என்பது கற்றாழைச் சாற்றை வற்றவைத்துச் செய்வதாகையால் அதற்கும் இதற்கும் உறவில்லை. கடைக்காரரிடம் வெறுமனே போளம் என்று கேட்டு வாங்குவோர் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

லுபான் மரத்தின் சிறந்த இருப்பிடம் ஓமன் நாட்டின் தென்கோடியிலுள்ள ளுஃபார் மாநிலம். பருவமழை மேகங்கள் முட்டி நிற்கும் மலைத்தொடரின் மறுபுறத்தில், மழை எட்டாத வறண்ட ஓடைகளில் இம்மரங்கள் நிற்கின்றன. ஏப்ரல் மாதத்தையொட்டி, மன்கஃப் என்னும் சிறு கத்தியால் மரப்பட்டையைச் சீவி விடுகின்றனர். முதல் சீவலில் வடியும் பாலைப் பெரும்பாலும் சரக்காகக் கொள்வதில்லை. இரு வாரங்கள் கழித்து அதே காயத்தைப் புதுப்பித்து, மீண்டும் காத்திருந்து, அதன்பின் வடிந்து இறுகும் பிசினையே உயர்ந்த தரமாகச் சேகரிக்கின்றனர். இப்னு பதூதா அவர்கள் 1330ஆம் ஆண்டையொட்டி அக்கரையிலுள்ள ஹாஸிக் என்னும் ஊரில் இம்மரங்களைக் கண்டு எழுதியுள்ளார்கள். மரத்தின் இலையைக் கீறினால் பால் போன்ற நீர் வடிந்து பிசினாக இறுகும் என்பது அவர்களுடைய குறிப்பு. கீறப்படுவது இலையன்று, பட்டை. பெரும் பயணிகளும் சில இடங்களில் விரைந்து கடந்து போயிருக்கின்றனர் போலும்!

கள்ளிக்கோட்டையிலிருந்து ளுஃபாருக்குத் தாம் 28 நாட்களில் கடல்வழியே சென்றதாகவும் அவர்கள் குறிப்பிடுகின்றார்கள். அந்த வழி அவர்கள் காலத்திற்கும் மிக முற்பட்டது. ளுஃபார் கரையில் கோர் ரோரி என்னுமிடத்தில், பழங்காலத்தில் ஸும்ஹுரம் எனப்பட்ட லுபான் துறைமுகத்தின் இடிபாடுகளை அகழ்ந்த இத்தாலிய ஆய்வாளர்களுக்கு, 2006ஆம் ஆண்டில் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் கீரன் என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று எழுத்தறிஞர்கள் கணித்துள்ளனர். இஸ்லாம் தோன்றுவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பாகவே நம் கரையைச் சேர்ந்த ஒருவரின் பெயர் அந்தப் பிசின் துறைமுகத்தில் இருந்திருக்கிறது. இத்துறைமுகத்தையும், வாதி தௌகாவின் லுபான் மரங்களையும் சேர்த்து யுனெஸ்கோ நிறுவனம் 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இனி எண்ணெய்க்கு வருவோம். பிசினைப் புகைப்பதும் மெல்வதும் அரைத்துப் பூசுவதும் மிகப் பழைய வழக்கங்கள். நம் முன்னோர் வாலை என்று அழைத்த கருவியில் இட்டு, ஆவியாக ஏற்றிக் குளிரவைத்து, நறுமணத்தைத் தனியே பிரிப்பது அதற்குப் பிற்பட்ட கலை. இக்கலையின் வேர் அலெக்சாந்திரியாவின் கிரேக்க நூல்களில் உள்ளது. பக்தாதில் அது வளர்ந்து முறையான தொழிலாயிற்று. வாலையைக் குறிக்க ஐரோப்பியர் இன்றளவும் பயன்படுத்தும் அலெம்பிக் என்னும் சொல், அரபியின் அல்-அன்பீக் என்பதிலிருந்து வந்ததே. அரபு அறிஞர் அல்-கிந்தி அவர்கள் (மறைவு ஏறத்தாழ கி.பி. 873) நறுமணப் பொருள்களும் வடித்தலும் பற்றி எழுதிய நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. விலையுயர்ந்த வாசனைச் சரக்குகளுக்குப் போலி செய்யும் வழிகளும் அவற்றுள் அடக்கம். போலிச் சரக்கு நம் காலத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணியிருந்தோம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பக்தாதின் அத்தர் கடைவீதியில் அதற்குப் பாடநூல் இருந்திருக்கின்றது.

அல்-கிந்தி மறைந்து நூறாண்டுகளுக்குப் பின்னர், 980ஆம் ஆண்டில், புகாரா அருகே பிறந்தவர் இப்னு ஸீனா. ஆகவே வாலையை அவரே கண்டுபிடித்தார் என்று நம் மேடைகளிலும் மலர்களிலும் கூறி வருவது, காலக் கணக்கிற்கே பொருந்தாது. இக்குறை நம்மிடமும் உண்டு. நம் மலரின் பழைய இதழ் ஒன்றிலும் அவ்வாறே எழுதப்பட்டிருக்கக் கண்டோம். அவ்வறிஞரின் பெருமைக்கு இந்தப் பொய்க் கிரீடம் தேவையில்லை.

ஏனெனில், வலியைப் பற்றி அவர் எழுதியது உண்மையாகவே வியக்கத்தக்கது. 1025ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அல்-கானூன் என்னும் பெருநூலின் முதற் பகுதியில், குத்தும் வலி, அழுத்தும் வலி, துளைக்கும் வலி, மரத்துப்போகும் வலி என 15 வகை வலிகளை அவர் பிரித்துக் காட்டுகின்றார். உடலின் தொடர்ச்சி அறுபடுவதாலேயே வலி உண்டாகின்றது என்று கிரேக்க மருத்துவர் காலன் கூறியிருந்தார். அதனை இப்னு ஸீனா முழுமையாக ஏற்கவில்லை. எங்கும் அறுபடாத நிலையிலும், உடலின் இயல்பு திடீரென மாறுவதே வலியைத் தரக்கூடும் என்று வாதிட்டார். வலியைப் போக்கும் மருந்துகளிலும், வலியின் காரணத்தை நீக்குபவை வேறு, உணர்வை மரக்கச் செய்பவை வேறு என்று பிரித்து வைத்தார். மருத்துவரிடம் செல்லும் எவரும், எப்படி வலிக்கிறது, குத்துகிறதா, இழுக்கிறதா என்று இன்றும் கேட்கப்படுகின்றார் அல்லவா? அந்தக் கேள்வியை ஒழுங்குபடுத்தியவர்களுள் அவர் முதன்மையானவர்.

அல்-கானூனின் இரண்டாம் பகுதி எழுநூற்றுக்கும் மேற்பட்ட தனிச்சரக்குகளின் அகராதி. குந்துர், முர் இரண்டும் அதில் உள்ளன. காயங்களை ஆற்றுவதற்கும், இரத்தக் கசிவை நிறுத்துவதற்கும் குந்துர் அங்கே பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். அக்கால மருத்துவர்கள் இவற்றைப் பெரும்பாலும் முழுப் பிசினாகவே கையாண்டனர். நீரில் ஊறவைத்தனர், தேனிலும் எண்ணெயிலும் குழைத்தனர், பொடித்துத் தூவினர். வாலை பெரிதும் பன்னீருக்கும் நறுமணப் பொருள்களுக்கும் உரியதாக இருந்தது. குப்பியில் வரும் வடித்த எண்ணெயை, இப்னு ஸீனாவின் குந்துர் என்று சொல்வது பொருந்தாது.

இது வெறும் சொல் வேறுபாடு என்று யாரும் கருதிவிடலாகாது. வாலையினுள் நடப்பதைச் சற்று நோக்கினால் உண்மை விளங்கும். பிசினை நீருடன் கொதிக்க வைக்கும்பொழுது, இலேசான பொருள்கள் நீராவியோடு ஏறி மறுபுறம் குளிர்ந்து எண்ணெயாகச் சேர்கின்றன. கனமானவை அடியிலேயே தங்கிவிடுகின்றன. நூறு கிராம் குந்திரிக்கத்தில் பொதுவாக 5 முதல் 9 கிராம் வரையே எண்ணெய் கிடைக்கும். ளுஃபார் குந்திரிக்க எண்ணெயில் பெரும்பங்கு ஆல்ஃபா-பைனீன் என்னும் பொருள். அதன் மூலக்கூற்று எடை 136. குந்திரிக்கத்தின் புகழுக்குக் காரணமாக இன்றைய ஆய்வாளர் காட்டுவது போஸ்வெல்லிக் அமிலங்களை. அவற்றுள் அடிப்படையானதன் எடையே 456. அது ஆவியில் ஏறுவதில்லை.

ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் 1990களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகள், உடலில் அழற்சியைத் தூண்டும் லூக்கோட்ரையீன் என்னும் பொருள்கள் உண்டாவதைப் போஸ்வெல்லிக் அமிலங்கள் தடுக்கின்றன என்று காட்டின. நம் நாட்டின் நாக்பூரில் முழங்கால் மூட்டுத் தேய்வுடைய 30 பேருக்கு, இந்தியக் குந்திரிக்கத்தின் சாரத்தை எட்டு வாரங்கள் கொடுத்துச் செய்த ஆய்வு 2003இல் வெளியாயிற்று. சாரம் உண்டவர்களுக்கு வலியும் வீக்கமும் குறைந்தன. மூட்டை மடக்கும் அளவு கூடிற்று. முப்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கையே. ஆயினும் நேர்மையாகச் செய்த சோதனை. அவர்கள் உண்டது சாரம் என்பதை இங்கு மறக்கலாகாது. நம் பெரியவர் பாலில் விட்டுக் குடித்த வடித்த எண்ணெயில் அந்த அமிலங்கள் இல்லை என்றே கூறிவிடலாம். மூட்டு வலிக்கு எது உதவக்கூடுமோ அது வாலையின் அடியில் தங்கி, கழிவாகக் கொட்டப்பட்டிருக்கும்.

அப்படியாயின் வடித்த எண்ணெய் வீணா? அவ்வாறும் கூறுவதற்கில்லை. 2016இல் வெளியான ஒரு சீன ஆய்வில், குந்திரிக்க எண்ணெயை மேற்பூச்சாகத் தடவியபொழுது, எலிகளில் வீக்கமும் வலிக்குரிய நடத்தையும் குறைந்தன. ஆல்ஃபா-பைனீன், லினலூல், ஆக்டனால் ஆகிய இலேசான பொருள்களையே அதற்குக் காரணமாக அவர்கள் காட்டினர். மேற்பூச்சு என்பதையும், எலிகள் என்பதையும் அடிக்கோடிட்டுக் கொள்வோம்.

வெள்ளைப்போளத்தின் கதை இதற்கு நேர்மாறானது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996 ஜனவரியில் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். சூடான தட்டின் மீது எலியை விட்டால், சூடு பொறுக்காமல் பாதத்தை நக்கத் தொடங்கும். வெள்ளைப்போளம் கொடுக்கப்பட்ட எலிகள் கூடுதல் நேரம் பொறுத்திருந்தன. அதற்குக் காரணமான ஃபியூரனோயூடெஸ்மா-1,3-டையீன், கர்சரீன் என்னும் பொருள்களை அவர்கள் பிரித்தெடுத்தனர். அடுத்து அவர்கள் செய்த சோதனையே முக்கியமானது. மார்ஃபினின் விளைவை முறிக்கும் நலாக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்தபொழுது வெள்ளைப்போளத்தின் வலியடக்கும் ஆற்றலும் மறைந்துவிட்டது. அதாவது மூளையில் மார்ஃபின் திறக்கும் அதே கதவை இதுவும் தட்டுகின்றது. இப்பொருள்கள் இரண்டும் இலேசானவை. வாலையில் ஆவியோடு ஏறி எண்ணெயில் சேர்ந்துவிடுகின்றன. எனவே குந்திரிக்கத்தில் அடியில் நின்றுபோகும் வலிமருந்து, வெள்ளைப்போளத்தில் குப்பிக்குள் வந்து சேர்கின்றது. இயேசுவுக்கு, அதாவது நாம் ஈஸா (அலை) என்று அழைப்பவருக்கு, வெள்ளைப்போளம் கலந்த திராட்சைரசம் கொடுக்க முற்பட்டதாகக் கிறிஸ்தவர்களின் மாற்கு நூல் கூறும் செய்தியையும் இந்த ஆய்வையொட்டிப் பலர் நினைவுகூர்ந்தனர். அந்நிகழ்ச்சி பற்றிய நம் நம்பிக்கை வேறு. ஆயினும் வலியைத் தணிக்க முர் கலந்த பானம் கொடுக்கும் வழக்கம் அந்நிலத்தில் அறியப்பட்டிருந்தது என்பதற்கு அது ஒரு சான்று.

பிசின் எண்ணெய் என்றதும் அரபு நாட்டை மட்டும் நினைப்பதும் சரியன்று. ஊசியிலை மரமாகிய பைனின் பிசினை வடித்தால் கிடைப்பதே டர்பன்டைன். டர்பன்டைனும் கற்பூரமும் சோப்பும் கலந்த லினிமெண்ட் முன்னாட்களில் மருத்துவமனைகளில் சுளுக்குக்குத் தேய்க்கக் கொடுக்கப்பட்டு வந்தது. தோலில் இதமான எரிச்சலை உண்டாக்கி, உள்வலியிலிருந்து கவனத்தைத் திருப்புவது அதன் வேலை. நம் வீடுகளில் ஆண்டாண்டாகப் புழங்கும் வலித் தைலங்கள் பலவற்றின் வாசனையில் பாதி இதுதான்.

கற்பூரத்தைக் கூறியபின் அதன் தாய்நாட்டைக் கூறாமல் விட இயலாது. திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில் சுவனத்துப் பானத்தின் கலவையாகக் காஃபூர் குறிப்பிடப்படுகிறது. மய்யித்தைக் குளிப்பாட்டும் இறுதி நீரில் கற்பூரம் சேர்க்கும் வழிமுறையை நாம் அனைவரும் அறிவோம். அக்காலத்துக் கற்பூரங்களுள் மிக உயர்ந்ததாக அரபியர் கொண்டது ஃபன்சூரி என்பது. சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ் துறைமுகத்தின் பெயரால் அமைந்த சொல் அது. காட்டு மரத்தின் உள்ளே, பிளவுகளில், எண்ணெய்ப் பிசினோடு பளிங்காக உறைந்திருக்கும் அச்சரக்கிற்காக மரத்தையே வெட்ட வேண்டும். வெட்டிய மரம் அனைத்திலும் அது இருப்பதும் இல்லை. அந்தப் பாரூஸின் அருகே லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு தமிழில் உள்ளது! ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது அது. அப்பளிங்கின் பெரும்பகுதி போர்னியால் என்னும் பொருள். 2017இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் வலியுற்ற 122 நோயாளிகளிடம் போர்னியாலை மேற்பூச்சாகத் தடவிச் சோதித்ததில், போலி மருந்தைவிட அது வலியை மிகுதியாகக் குறைத்தது. தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பு வாயில் வழியே அது செயல்படுவதாகவும் கண்டறிந்தனர். இங்கே சோதிக்கப்பட்டவர்கள் மனிதர்கள் என்பதால் இந்த ஆய்வுக்கு நாம் கூடுதல் மதிப்பளிக்கின்றோம். கடைகளில் இன்று கிடைக்கும் சூடம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்யப்படுவது. பாரூஸ் பளிங்கு அன்று.

நடைமுறைக்கு வருவோம். வடித்த எண்ணெய் எதனையும் மருத்துவர் சொல்லாமல் அருந்துதல் கூடாது. தோலில் தடவுவதாயினும் நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெயில் கலந்து, முதலில் கையில் சிறிது தடவிப் பார்த்துக் கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் வெள்ளைப்போளத்தைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர் போளமோ குந்திரிக்கச் சாரமோ உட்கொள்ளும் முன் தம் மருத்துவரைக் கேட்பது கட்டாயம். கற்பூரம் சிறு குழந்தையின் வயிற்றில் சென்றால் வலிப்பு வரும், உயிருக்கும் ஆபத்து. நெஞ்சு வலிக்கு எந்தத் தைலமும் மருந்தாகாது. வண்டியைப் பிடித்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதுதான்.

இக்குப்பிகளின் விற்பனை பெருகப் பெருக மரங்களின் நிலைமையும் கவலைக்குரியதாகி வருகின்றது. எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் நாடுகளில் வளரும் குந்திரிக்க இனத்தை ஆய்ந்தவர்கள் 2019இல் வெளியிட்ட கணிப்பின்படி, அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கு பிசின் விளைச்சல் பாதியாகக் குறைந்துவிடும். மேய்ச்சலாலும் தீயாலும் இளங்கன்றுகள் தலையெடுப்பதில்லை. முதிய மரங்களுக்கு ஓய்வு தராமல் காயத்தின் மேல் காயமாகச் சீவுகின்றனர்.

நம் பெரியவரிடம் இவற்றை எல்லாம் நோன்புப் பெருநாளுக்குப் பின் விரிவாக எடுத்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எலும்பு மருத்துவரைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, மாத்திரையும் உடற்பயிற்சியும் பெற்று வந்திருக்கிறார். குப்பியில் மீதியிருந்ததை நல்லெண்ணெயில் கலந்து முழங்காலில் தேய்த்துக் கொள்கிறார். குணம் தெரிகிறதா என்று சென்ற வாரம் இஷாவுக்குப் பின் கேட்டோம். மாத்திரை வேலை செய்கிறதா, எண்ணெய் வேலை செய்கிறதா என்று தமக்குத் தெரியவில்லை என்றும், ஆனால் தேய்த்துவிடும் பேரனுக்கு இப்பொழுது தாத்தாவோடு பேச அரைமணி நேரம் கிடைத்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.